கேஸ் தீர்ந்துபோவதில்லை

ஃப்ரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை என்பதை ஒரு வீட்டில் முதலில் அறிகிறவள் பெண். இரவு வைத்த மாவு காலையில் பொங்கி மூடியைத் தள்ளியிருக்கும். பால் அடுப்பில் ஏறியதும் திரியும். தண்ணீர் பாட்டிலைத் தொட்டதுமே கை சொல்லிவிடும். ஆனால் அவள் அதை வாய்விட்டுச் சொன்னதும் எழுகிற கேள்வி பெட்டியைப் பற்றியதாக இருப்பதில்லை. "கதவ யாரு தொறந்து போட்டது?" "சூடா எதையாவது தூக்கி உள்ள வச்சியா?" என்று அவளிடமே விசாரணை தொடங்கும். பிறகு மெக்கானிக் வருவார். பெட்டியைப் பார்ப்பதற்கு முன்பே, "வீட்ல சார் இல்லீங்களா?" என்பார்.

கோளாறைக் கண்டவள் அவள். குற்றம் சாட்டப்படுகிறவளும் அவள். விளக்கம் மட்டும் சாருக்கு.

நான் தமிழ் கற்பிக்கிறவள். பெண்ணெழுத்து பற்றிய வகுப்பு எதுவும் அடுப்படியைத் தொடாமல் முடிந்ததில்லை. அம்மி, உரல், விறகுப் புகை என்று நாம் நிறைய எழுதியிருக்கிறோம். அடுப்புக்கு எதிர்ச்சுவரில் முனகிக்கொண்டு நிற்கும் பெட்டியைப் பற்றி எழுதியது குறைவு. குளிர்ச்சி நம் வீடுகளுக்குள் எப்படி வந்தது, வந்த பிறகும் அதைப் பற்றிய அறிவு ஏன் சமையலறை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டது என்ற இரண்டு கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். கடலூரிலும் சிதம்பரத்திலுமாகக் கழிந்த என் வாழ்க்கை இந்தக் கேள்விகளுக்குச் சில பதில்களைத் தந்திருக்கிறது. மற்றவற்றை வரலாற்றில் தேட வேண்டியிருந்தது.

பனிக்கட்டி வீடும் கைம்பெண்களும்

சென்னை மெரினா கடற்கரைச் சாலையில் வட்ட முகப்போடு நிற்கிற விவேகானந்தர் இல்லத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் பகுதிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் ஐஸ்ஹவுஸ் என்ற பழைய பெயர்தான் இன்னும் வழங்குகிறது. 1842-ல் பனிக்கட்டியைச் சேமித்து வைக்க எழுப்பப்பட்ட கட்டடம் அது. பாஸ்டன் நகர வணிகர் ஃபிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் மாசசூசெட்ஸ் குளங்களில் உறைகிற பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி விற்றார். 1833-ல் முதல் சரக்கு கல்கத்தாவுக்கு வந்தது. புறப்பட்டபோது சுமார் 180 டன். நான்கு மாதப் பயணத்தில் கரைந்ததுபோக இறங்கியது சுமார் 100 டன். அடுத்த சில ஆண்டுகளில் சென்னைக்கும் இந்த வணிகம் வந்து சேர்ந்தது. சென்னையில் வாழ்கிறவர்கள் தன் ஊர்க் குளத்து நீரைக் குடிப்பதாக ஹென்றி டேவிட் தோரோ 1854-ல் வெளியான 'வால்டன்' நூலில் வியந்து எழுதினார். அவர் மனதில் இருந்த சென்னைவாசிகள் யாராக இருந்தாலும், உண்மையில் அந்தப் பனிக்கட்டி போனது வெள்ளை அதிகாரிகளின் மதுக்கோப்பைக்கும், வசதியுள்ள சிலரின் காய்ச்சல் நெற்றிக்கும்தான்.

இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யும் தொழில் வளர்ந்ததும் கப்பல் பனி வணிகம் படுத்தது. வழக்கறிஞர் பிலிகிரி அய்யங்கார் அந்தக் கட்டடத்தை வாங்கிக் குடியிருப்பாக மாற்றினார். 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இந்தச் செய்திகளைக் கல்வெட்டும் வழிகாட்டி நூல்களும் சொல்லும். அவை வேகமாகக் கடந்துபோகிற அடுத்த பகுதிதான் நமக்கு முக்கியமானது. சிறுவயதிலேயே கணவனை இழந்து, 1911-ல் சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரியான சகோதரி சுப்பலட்சுமி, பிராமணக் குழந்தை விதவைகளுக்காகத் தொடங்கிய விடுதி இந்தக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது. தலை மழிக்கப்பட்ட, ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் பழக்கப்பட்ட சிறுமிகள் அங்கிருந்து பள்ளிக்கும் ஆசிரியப் பயிற்சிக்கும் போனார்கள். ஒரு சாதிப் பெண்களுக்கு மட்டுமான விடுதி என்ற அதன் எல்லையையும் நாம் மறக்கத் தேவையில்லை. அந்த எல்லைக்குள்ளும் நடந்தது பெரிய காரியம்.

பனிக்கட்டிக் கிடங்கு கைம்பெண் விடுதியானது தற்செயல்தான். ஆனாலும் தமிழ் படித்த எனக்கு அதைக் கடந்துபோக முடியவில்லை. காரணம், நம் மரபில் கைம்பெண்ணுக்கென்று விதித்த உணவே ஆறிப்போன உணவு. புறநானூற்று 246-ஆம் பாட்டில், கணவன் பூதபாண்டியன் இறந்ததும் தீப்பாயத் துணிந்த பெருங்கோப்பெண்டு, கைம்மை வாழ்க்கையின் பட்டியலைத் தானே சொல்கிறாள். நெய் தீண்டாத, நீர்ச்சோற்றிலிருந்து கையால் பிழிந்தெடுத்த உருண்டை. எள் துவையல். புளி கூட்டி வேகவைத்த வேளைக்கீரை. பாயில்லாத, பரல்கல் உறுத்தும் படுக்கை. அதைவிடத் தீயே மேல் என்கிறாள். சூடான சோற்றுக்கு உரிமை யாருக்கு, ஆறியது யாருக்கு என்ற கேள்வி ஃப்ரிட்ஜுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மூத்தது.

குளிர் என்ற பொருள் இல்லை

அமெரிக்காவில் அதே காலத்தில் குளிர்ச்சியை அறிவியலாகப் படித்த ஒரு பெண் இருந்தார். மேரி எங்கிள் பென்னிங்டன், 1872-ல் பிறந்தவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டத்துக்கான படிப்பை 1892-ல் முடித்தபோது, பெண் என்பதால் பட்டம் தராமல் தேர்ச்சிச் சான்றிதழ் மட்டும் தந்தார்கள். மூன்றே ஆண்டில் அதே இடத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அரசுப் பணித் தேர்வில் அவர் பெயர் எம். இ. பென்னிங்டன் என்று போனது. ஆண் என்று நினைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 1908-ல் அமெரிக்க வேளாண்துறையின் உணவு ஆராய்ச்சிக்கூடத்துக்குத் தலைவரானார். முட்டையும் கோழியும் பாலும் எந்த வெப்பத்தில் எவ்வளவு நாள் தாங்கும் என்பதை அளந்து சொன்னவர். முதல் உலகப்போர்க் காலத்தில் உணவு ஏற்றிச்சென்ற குளிர்ப்பெட்டி ரயில்களில் ஏறி, எது குளிர்கிறது, எது குளிரவில்லை, ஏன் என்று பரிசோதித்தார். குளிராத பெட்டியின் கோளாறைத் தேடுவதை ஒரு துறையாக்கியவர்களில் ஒருவர் என்று அவரைச் சொல்லலாம்.

1920-களில் அவர் பனிக்கட்டித் தொழில் சங்கத்துக்காக இல்லத்தரசிகளுக்குச் சிறு நூல்கள் எழுதினார். அவற்றில் ஒன்றின் தலைப்பைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: குளிர் என்பது வெப்பம் இல்லாமை. 1927-ல் வந்தது. அந்தத் தலைப்பு ஒன்றே பாதிப் பாடம். ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. உள்ளே குழாயில் திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி வெளிக் குழாய்க்கு அனுப்புகிறது. அங்கே வெப்பத்தை விட்டுவிட்டு அது மறுபடி திரவமாகிறது. மெல்லிய கேப்பிலரி குழாய் வழியாகத் திரும்ப உள்ளே வருகிறது. இது தெரிந்தால், குளிராத பெட்டியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் தானாகவே வந்துவிடும். வெப்பம் உள்ளே எப்படிப் புகுகிறது? வெளியே போக என்ன தடை? தள்ளுகிற கம்ப்ரஸர் ஓடுகிறதா?

வீட்டுக்கு வந்த முதல் மின்சார ஃப்ரிட்ஜுகளில் கந்தக டை ஆக்ஸைடு போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன. கசிந்தால் உயிருக்கே ஆபத்து. 1928-ல் தாமஸ் மிட்ஜ்லியின் குழு நச்சற்ற ஃப்ரியானைக் கண்டது. வீட்டுக்குள் பாதுகாப்பான அது வானத்தில் ஓசோன் படலத்தை அரித்தது பிறகு தெரியவந்தது. 1987 மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் அது விலக்கப்பட்டது. இன்று நம் வீட்டுப் புதிய பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன். ஓசோனைக் கெடுக்காது. ஆனால் தீப்பற்றும்.

அந்த முனகலுக்கும் ஒரு கதை உண்டு. வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன், எரிவாயுச் சுடரில் ஓடி, நகரும் உறுப்பே இல்லாமல் சத்தமின்றிக் குளிர்வித்த ஃப்ரிட்ஜும் ஒரு காலத்தில் சந்தையில் இருந்ததை எழுதியிருக்கிறார். மின்சாரப் பெட்டி வென்றதற்கு ஜெனரல் எலெக்ட்ரிக் போன்ற பெரிய நிறுவனங்களின் பணமும் விளம்பரமும் முக்கியக் காரணங்கள் என்கிறார். 1983-ல் வந்த அவருடைய நூல் இன்னொன்றையும் காட்டியது. வீட்டுச் சாதனங்கள் வேலையை எளிதாக்கின. ஆனால் முன்பு ஆண்களும் பிள்ளைகளும் செய்துகொண்டிருந்த பங்கையும் நீக்கி, மிஞ்சிய எல்லாவற்றையும் ஒருத்தியின் தலையில் வைத்தன.

சீர்வரிசையும் சாவியும்

இந்தியாவிலேயே செய்த முதல் ஃப்ரிட்ஜை 1958-ல் கோத்ரெஜ் நிறுவனம் கொண்டுவந்தது. எங்கள் பக்கத்து நடுத்தர வீடுகளுக்குள் அது பரவலாக வரத் தொடங்கியது 1980-களில். வந்தபோது சமையலறைக்குப் போகவில்லை. கூடத்தில் நின்றது. மேலே பூவேலைத் துணி, அதன்மேல் ஒரு பொம்மை. வருகிறவர்கள் கண்ணில் படவேண்டும். சமைக்கிறவள் ஒவ்வொரு முறையும் கூடத்துக்கு நடக்கவேண்டும்.

பீரோ, கட்டில், மிக்ஸியோடு ஃப்ரிட்ஜும் சீர்வரிசையில் ஏறியது. பெண்ணோடு ஒரே வண்டியில் அது வந்து இறங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பில் பெண்ணின் அப்பா பெயரில் இருக்கும். உத்தரவாத அட்டை மாப்பிள்ளை பெயரில் இருக்கும். பயன்படுத்தப் போகிறவள் பெயர் இரண்டிலும் இருக்காது. பின்னாளில் அவள் சர்வீஸுக்குப் பேசினால், யார் பெயரில் வாங்கியது என்ற கேள்வி வரும்.

அந்தக் காலப் பெட்டிகளின் கதவில் பூட்டும் இருந்தது. இன்றைய மாணவிகள் இதை நம்புவதில்லை. சாவி பல வீடுகளில் மாமியாரின் இடுப்பில் இருந்தது. பகலில் பசித்த மருமகள் ஒரு வாழைப்பழத்துக்குச் சாவி கேட்க வேண்டியிருந்தது. மாதவிலக்கு நாட்களில் கதவைத் தொடக்கூடாது என்ற விதி பழைய பானையிலிருந்து புதிய பெட்டிக்கு அப்படியே குடிபெயர்ந்தது. வீட்டு வேலைக்கு வரும் பெண் வெளிப்புறத்தைத் துடைக்கலாம், உள்ளே கை வைக்கக்கூடாது என்றார்கள். அவளுக்குக் கொடுக்கப்பட்டதோ உள்ளே மூன்று நாள் இருந்த குழம்பு.

மிச்சத்தின் வரலாறும் இங்கே மாறியது. முன்பெல்லாம் மிஞ்சிய சோறு இரவே நீரூற்றப்பட்டுக் காலையில் நீராகாரமாகும். மிஞ்சிய குழம்பைச் சுண்டவைத்தாக வேண்டும், அல்லது அன்றே யாராவது சாப்பிட்டாக வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். ஃப்ரிட்ஜ் வந்ததும் மிச்சத்துக்கு ஆயுள் கூடியது. அதைச் சாப்பிடும் ஆள் மாறவில்லை. புதிதாகச் சமைத்தது சாருக்கும் பிள்ளைகளுக்கும், டப்பாவில் இருப்பது அம்மாவுக்கு. பெட்டி சரியாகக் குளிராதபோது முதலில் வயிறு கெடுவதும் அதனால் அவளுக்குத்தான். 'லேசா வாடை வருது, எனக்கென்ன' என்று சாப்பிட்டுவிடுகிறவள் அவள். ஆகவே குளிராத ஃப்ரிட்ஜ் அவள் உடம்பைப் பற்றிய செய்தி.

இதற்காகப் பெட்டியைத் திட்டவும் எனக்கு மனமில்லை. வாரத்துக்கு ஒருமுறை மாவரைத்தால் போதும் என்றானது கடலூர் பள்ளிக்கூட டீச்சருக்கும் நெய்வேலி அலுவலகப் பெண்ணுக்கும் சின்ன விடுதலை அல்ல. காலை நாலரைக்கு எழுந்தவர்கள் ஐந்தரைக்கு எழ முடிந்தது. அந்த ஒரு மணி நேரத்தைப் பெட்டி திரும்ப எடுத்துக்கொள்ளும் நாளில்தான் அதன் மதிப்பு தெரிகிறது.

மேலே கல், கீழே வெதுவெதுப்பு

சில ஆண்டுகளுக்கு முன் சிதம்பரத்தில் ஒரு மே மாதம். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேலறையில் ஐஸ் கல்லாக இருந்தது. கீழே பால் திரிந்தது. அதில் அம்மாவின் இன்சுலினும் இருந்தது. திறக்காத இன்சுலின் 2-லிருந்து 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். மாவு புளித்தால் நாவுக்குத் தெரியும். மருந்து வீரியம் இழந்தால் இரத்தச் சர்க்கரை ஏறிய பிறகுதான் தெரியும்.

சர்வீஸுக்கு வந்த இளைஞர் கதவைத் திறந்து கையை நீட்டிப் பார்த்தார். "கேஸ் தீர்ந்துபோச்சு மேடம், ஃபுல்லா ஏத்தணும்" என்று ஒரு தொகை சொன்னார். நல்லவேளையாக அன்று எங்கள் வீட்டில் ஓர் அக்கா இருந்தார். கடலூர் முதுநகர்க்காரர். கிராம சுகாதார செவிலியராக முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"ஏன் தம்பி, மேல ஐஸ் கல்லு மாதிரி இருக்கே. கேஸ் இல்லாம அது எப்படி உறையும்?" என்று கேட்டார். அந்தத் தம்பி ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு மேலறையின் உட்பலகையைக் கழற்றினார். உள்ளே குளிர்க்குழாய் முழுவதும் வெள்ளைச் சுவர்போலப் பனி மூடியிருந்தது. குளிர்காற்று கீழே இறங்கும் வழி அடைபட்டிருந்தது. பனியை அவ்வப்போது உருக்க வேண்டிய சிறு ஹீட்டர் வேலை செய்யவில்லை. அதை மாற்றினார். அவர் முதலில் கேட்டதில் கால்வாசிப் பணம்கூட ஆகவில்லை.

அன்று அக்கா எனக்குச் சொன்னதை மாணவிகளுக்கும் சொல்லி வருகிறேன். ஃப்ரிட்ஜில் இருக்கும் கேஸ் சிலிண்டர் கேஸ் போலச் செலவாகிற பொருள் அல்ல. அடைத்த குழாய்க்குள் அதேதான் ஆண்டுக்கணக்காகச் சுற்றுகிறது. அது தீர்ந்துபோவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றினால் அதுவும் சில வாரங்களிலோ மாதங்களிலோ போய்விடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "எவ்வளவு ஆகும்?" அல்ல. "ஓட்டை எங்கே?" என்பதுதான்.

அந்தக் கேள்விக்கு வருவதற்கு முன் நாமே பார்க்கக்கூடியவை உண்டு. பின்னால் சுத்தம் செய்யும்போதும் பனி உருக்கும்போதும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

விளக்கு எரிவதால் மட்டும் மின்சாரம் போதுமானது என்றாகாது. கோடை மாலைகளில் மின்னழுத்தம் குறையும்போது கம்ப்ரஸர் ஓட முயன்று 'டிக்' என்று நின்றுவிடும். சில நிமிடம் கழித்து மறுபடி 'டிக்'. அந்தச் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டால் ஸ்டெபிலைசரையும், அதற்கப்புறம் கம்ப்ரஸரின் ரிலேயையும் சந்தேகிக்க வேண்டும்.

உள்ளே இருக்கும் திருகில் பெரிய எண் என்றால் அதிகக் குளிர். அது வெப்ப அளவு அல்ல. துடைக்கும்போது திரும்பியிருக்கலாம்.

கதவு ரப்பரில் ஒரு பத்து ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் வந்தால் அந்த இடத்தில் வெப்பம் உள்ளே நுழைகிறது. பலமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அழுக்கைத் துடைத்தாலே ரப்பர் மறுபடி ஒட்டும். கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும்.

பின்புறம் கறுப்புக் கம்பிவலை தெரியும் பெட்டி என்றால் அதில் படிந்த தூசியைத் துடைக்க வேண்டும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். வெப்பம் வெளியேறும் வாசல் அது. புதிய பெட்டிகள் பலவற்றில் அந்தக் குழாய் பக்கச் சுவருக்குள் இருக்கும். பக்கவாட்டில் தொட்டால் சுடுவது கோளாறு அல்ல.

பழைய ஒற்றைக் கதவுப் பெட்டியில் அரை விரற்கடைக்கு மேல் பனி படிந்தால் அணைத்துவிட்டு உருகவிட வேண்டும். கத்தியால் குத்திப் பெயர்க்கவே கூடாது. அலுமினியத் தகட்டில் ஓட்டை விழும். கேஸ் உண்மையிலேயே போகிற வழிகளில் அதுவும் ஒன்று. ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்று விற்கும் வகையில் மேலே உறைந்து கீழே குளிராவிட்டால், பொருள்களை வெளியே எடுத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து ஒரு நாள் அணைத்துப் போடுங்கள். மறுபடி போட்டதும் சில நாள் நன்றாகக் குளிர்ந்து பிறகு பழையபடி ஆனால், பனி உருக்கும் ஹீட்டரிலோ அதன் இணைப்புகளிலோ கோளாறு. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியும் மேலறையே உறையவில்லை என்றால்தான் கேஸ் கசிவைப் பற்றிய பேச்சுக்கு இடமிருக்கிறது. குழாயைத் தொடும் வேலை பயிற்சி பெற்றவருக்கு உரியது. தீப்பற்றும் வாயு அது.

ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை இட்டு நடுத்தட்டில் ஓரிரவு வைத்துப் பார்த்தால் 4 டிகிரி அளவில் காட்ட வேண்டும். இவ்வளவும் ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டிவிடக்கூடிய அறிவு. இதை நமக்குச் சொல்லாமல் வைத்திருப்பதில் யாருக்கோ இலாபம் இருக்கிறது.

நர்ஸம்மாவின் காது

அந்த அக்காவுக்கு இது எப்படித் தெரியும் என்பதே தனி வரலாறு. 1985-ல் இந்தியாவில் அனைவருக்கும் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, அதன் உயிர்நாடியாக இருந்தது குளிர்ச்சங்கிலி. தடுப்பூசி தயாராகும் இடத்திலிருந்து குழந்தையின் தொடை வரைக்கும் அது குறிப்பிட்ட குளிரில் வந்து சேரவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐஸ் உறையிட்ட தனி வகை ஃப்ரிட்ஜ் இருக்கும். மின்சாரம் போனாலும் பல மணி நேரம் தாங்கும். காலையும் மாலையும் வெப்பநிலையைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். 8 டிகிரிக்கு மேல் போனாலும் தவறு, 2-க்குக் கீழே போனாலும் தவறு. உறைந்தால் கெட்டுப்போகும் ஊசிகள் உண்டு.

அங்கிருந்து கிராமத்துக்குத் தோளில் தொங்கும் சிறு பெட்டியில் நான்கு ஐஸ் பைகளுக்கு நடுவே மருந்துக் குப்பிகள் போகும். உறைவறையிலிருந்து எடுத்த ஐஸ் பையை அப்படியே வைத்தால் ஊசி உறைந்துவிடும். சற்று வெளியே வைத்து, காதருகே குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டால்தான் அது தயார். கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் 'நர்ஸம்மா' என்று அழைக்கப்படும் பெண்கள் இந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் வெயிலில் நடந்தார்கள். அந்த அக்கா சொல்வார்: "ஆஸ்பத்திரி பெட்டி நின்னா என்னைத்தான் கேப்பாங்க. வீட்டுப் பெட்டி நின்னா என் வீட்டுக்காரரைக் கேப்பாங்க."

குளிர்ச்சியின் கணக்கைக் கையில் வைத்திருக்கும் இன்னொரு கூட்டம் எங்கள் கடலோரத்து மீன்காரப் பெண்கள். கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலும், பரங்கிப்பேட்டைப் பக்கம் அன்னங்கோயிலிலும், கிள்ளைக்கருகே முடசலோடையிலும் விடிகாலை ஏலம் முடிந்ததும் ஐஸ் உடைக்கும் சத்தம் தொடங்கும். ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன். வெயில் காலத்தில் மீனுக்குச் சமமான எடை ஐஸ் வேண்டும் என்று மீன்வளத் துறையினர் சொல்வதை அவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். ஐஸுக்குப் போகும் காசு அவர்களுடைய முதலிலிருந்து போகிறது. கரைந்துபோவது அவர்களுடைய இலாபம்.

இந்த அறிவுகள் எல்லாம் எல்லோரிடமும் ஒன்றாகச் சோதிக்கப்பட்ட நாட்களும் வந்தன. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசை வரிசையாக விழுந்தன. நிலக்கரி தோண்டிப் பல மாநிலங்களுக்கு மின்சாரம் அனுப்பும் நெய்வேலி இருக்கிற மாவட்டத்தில், கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஃப்ரிட்ஜ் அரிசியும் ரேஷன் கார்டும் நனையாமல் வைக்கிற அலமாரியானது. மூடியே வைத்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும் என்பதெல்லாம் முதல் நாள் காலையோடு முடிந்துபோன கணக்கு. அப்போது இன்சுலின் குப்பிகளைக் காத்தது ஈரமணலில் பதித்த மண்பானை. அதை யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டுப்பாருங்கள். தெருவுக்குத் தெரு ஒரு நர்ஸம்மா, ஒரு பாட்டி, ஒரு பக்கத்து வீட்டு அக்கா. எந்தப் பேரிடர் அறிக்கையிலும் அவர்கள் பெயர் இல்லை.

யார் கேட்பது

பென்னிங்டனின் பெயரைச் சுருக்கி எழுதித்தான் வேலை வாங்க முடிந்தது. சுப்பலட்சுமி பனிக்கட்டி வீட்டைப் பள்ளிக்குப் போகிற பெண்களின் வீடாக்கினார். நர்ஸம்மாக்கள் பதிவேட்டில் இரண்டு வேளையும் எண்களை எழுதினார்கள். குளிர்ச்சியின் வரலாற்றில் பெண்கள் இல்லாத காலம் இல்லை. அறியாதவர்கள் என்று அவர்களை நடத்தும் பழக்கம் மட்டும் பெட்டியோடு பெட்டியாக விற்கப்படுகிறது.

கற்றுக்கொண்டால் வேலை இன்னும் நம் தலையில் ஏறாதா என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. வீட்டின் ஐந்தாறு வேலைகளோடு இதுவும் பெண்ணின் வேலை என்று ஆகிவிடக்கூடாது. கதவு ரப்பரைத் துடைக்கவும் தூசி தட்டவும் ஆண் கைக்கும் தெரியும். வேலையைப் பகிரலாம். தீர்ப்புச் சொல்லும் அறிவை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. எது கோளாறு, எது பொய், எதற்குப் பணம் தருகிறோம் என்பது பயன்படுத்துகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பில்லும் உத்தரவாத அட்டையும் அவள் பெயரில் இருக்கட்டும். ஐடிஐ-யில் குளிர்சாதனப் பிரிவு இருக்கிறது. அந்த வகுப்பில் பெண்பிள்ளைகளும் சேரட்டும். மூன்று நாள் ஆன குழம்பு எல்லோர் தட்டுக்கும் சமமாக வரட்டும், அல்லது யார் தட்டுக்கும் வராமல் போகட்டும்.

அடுத்த முறை வாசலில் நிற்கிறவர் சாரைத் தேடினால், நாம்தான் பேசுகிறோம் என்று சொல்லி உள்ளே அழைப்போம். அவர் கேஸ் தீர்ந்துவிட்டது என்றால், ஓட்டை எங்கே என்று கேட்போம். காட்டிய பிறகு பணத்தைப் பேசலாம்.